மூணு பேர் பேரும் பத்திரத்தில் இருந்தால் போதுமா? ஏற்காட்டில் கூட்டாக இடம் வாங்குவோர் கவனத்துக்கு!

ஏற்காடு—

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-களில் காப்பிச் செடியைக் கொண்டுவந்த சேர்வராயன் மலை இது. இன்று, "மலையிலே நமக்கும் ஒரு இடம் இருந்தா நல்லாயிருக்குமே" என்ற ஆசை பலரை இங்கே இழுக்கிறது.

ஒருவர் கையில் அவ்வளவு பணம் ஏது? அண்ணன், தம்பி, நண்பர் என்று மூன்று பேர் சேர்ந்து வாங்குகிறார்கள். "மூணு பேர் பேரும் பத்திரத்துல இருக்கு, அப்புறம் என்ன?" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

வம்பு அங்கேதான் தொடங்குகிறது!

யாருக்கு எவ்வளவு?

இடத்தின் விலை 30 லட்ச ரூபாய். அண்ணன் போட்டது 15 லட்சம், தம்பி 10 லட்சம், நண்பர் 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் பங்கு எழுதவில்லை.

போட்ட பணத்துக்குத் தக்க பங்கு என்கிறது 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-வது பிரிவு. அதன்படி அண்ணனுக்குப் பாதி, தம்பிக்கு மூன்றில் ஒன்று, நண்பருக்கு ஆறில் ஒன்று. ஆனால் அதற்கு அத்தாட்சி வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தோம், ரசீது இல்லை என்றால்? மூவருக்கும் சமபங்கு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 5 லட்சம் போட்டவருக்கு 10 லட்சத்துக்கான பங்கு!

ஒருவர் இறந்துவிட்டால்?

"ஒருத்தர் போயிட்டா மத்தவங்களுக்குத்தானே சொத்து?" என்கிறார்கள். இது தப்புக் கணக்கு. இங்கிலாந்தில் அப்படி ஒரு முறை உண்டு. பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பம் தவிர, இந்துச் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று பிரிவி கவுன்சில் 1896-லேயே சொல்லிவிட்டது.

இறந்தவர் உயில் எழுதாத இந்து ஆண் என்றால், 1956-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சம்பாதித்த பங்கு மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமமாகப் போகும். கல்யாணமாகிப் போன மகளுக்கும் உண்டு. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வாங்கிய வீட்டிலும் இதே கதைதான். கணவர் இறந்தால் வீடு முழுவதும் மனைவிக்கு வந்துவிடாது. மாமியார் இருந்தால் அவரும் பங்குதாரர்!

ஒருவர் விற்றுவிட்டால்?

மற்றவர்கள் கையெழுத்து இல்லாமலே ஒருவர் தன் பங்கை அந்நியருக்கு விற்கலாம். வாங்கியவர் பாகம் கேட்டு கோர்ட்டுக்குப் போகலாம். பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டுக்கு மட்டும் ஒரு காப்பு உண்டு. பங்கை வாங்கிய அந்நியர் அந்த வீட்டில் கூடிக் குடியிருக்க முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், கோர்ட்டு நிர்ணயிக்கும் விலைக்கு அந்தப் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள 1893-ம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டம் வழி செய்கிறது. நண்பர்கள் கூட்டாக வாங்கிய இடத்துக்கு இந்தக் காப்பு கிடையாது.

"கூட்டுப் பட்டா இருக்கே!" என்பீர்கள். பட்டா என்பது வருவாய்த் துறைக் கணக்கு. யாருக்கு எத்தனை பங்கு என்ற தகராறு வந்தால் பத்திரத்தைத்தான் புரட்டுவார்கள்.

என்ன செய்யலாம்?

* யார் எவ்வளவு போட்டது, யாருக்கு எத்தனை பங்கு என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

* பணத்தை பாங்கி மூலமே கொடுங்கள்.

* அவரவர் பங்குக்கு உயில் எழுதி வையுங்கள்.

* தோட்டம் வைத்துத் தொழில் செய்வதானால், 1932-ம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு வியாபாரமாக நடத்தி, நிலத்தை அதன் சொத்தாக வைக்கலாம்.

* ஒத்துவராது என்று தெரிந்தால் சர்வே செய்து, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, தனிப் பட்டா வாங்கிவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அன்றைக்கு இரண்டு வரி கூடுதலாக எழுதினால் போச்சு. எழுதாமல் விட்டால், மலையில் காற்று வாங்க நினைத்தவர்கள் சேலம் கோர்ட்டு வராந்தாவில்தான் காத்து நிற்க வேண்டும்!