பழைய வண்டியும் பொது வானொலியும்

அமெரிக்காவில் பொது வானொலி நிலையங்களுக்கு ஜனங்கள் தங்கள் பழைய மோட்டார் வண்டிகளைத் தானமாக அளிப்பது வழக்கம். வண்டி விற்ற தொகை நிலையத்தைச் சேரும். கொடுத்தவர் வருமான வரியில் கழிவு கோரலாம். பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கிய சுமார் 110 கோடி டாலரை 2025-ல் அந்நாட்டுக் காங்கிரஸ் ரத்துச் செய்தபின், இத்தகைய உபகாரத்தின் அவசியம் பன்மடங்காயிற்று.

நமது புதுவையிலும் பல்கலைக்கழகத்தார் நிறுவிய ‘புதுவை வாணி’ என்னும் சமுதாய வானொலி உண்டு. ஆனால் நமது வரிச் சட்டமோ, பணமாக அன்றிப் பொருளாக அளிக்கும் நன்கொடைக்குக் கழிவு தருவதில்லை. ஆகவே தெருவோரம் துருப்பிடித்த வண்டி பழைய இரும்புக் கடைக்கே போகிறது. சர்க்கார் இவ்விதியைத் திருத்த வேண்டும். அதுவரை நாம் வாளாவிருப்பானேன்? வண்டியை நாமே விற்று, அத்தொகையைச் சமுதாய வானொலிக்கு அளிக்கலாமே! சர்க்கார் கையை மட்டும் நம்பிய வானொலி, அக்கை மூடிய அன்றே ஊமையாகும்.