டயர் பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

கற்பிட்டியில் ஐஸ் போட்டு ஏற்றிய மீன் விடிவதற்கு முன் பேலியகொடைச் சந்தையைப் போய்ச் சேர வேண்டும். நுரைச்சோலை மரக்கறியும் புத்தளத்து உப்பும் கொழும்புக்குப் போவது அதே ஏ-3 வீதியால்தான். டீசல் விலையை விரல் நுனியில் வைத்திருக்கும் நமது வியாபாரிகள், டயர் கடையில் மட்டும் பிளேன்டீயைக் கையில் எடுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) வேனின் முன் டயர்கள் இரண்டையும் புதிதாகப் போட்டேன். "பெலன்ஸ் எல்லாம் சரி நானா" என்று அனுப்பினார்கள். வேகம் 80ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கியது. வீதியில்தான் பிழை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு இரண்டு மாதம் ஓடினேன். கழற்றிப் பார்த்தால் புது டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது.

நமது கரையோரத்தில் முதலில் பார்க்க வேண்டியது ரிம். உப்புக் காற்றும் மீன் பெட்டியிலிருந்து வடியும் தண்ணீரும் ரிம்மின் விளிம்பில் துருவைக் கட்டிவிடும். அதன் மேலேயே டயரை ஏற்றினால் காற்று மெல்ல மெல்லக் கசியும். பழி டயர் கம்பனிக்குப் போகும். நல்ல பாஸ், டயர் அமரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்த பிறகே டயரைத் தொடுவார். வழுக்குவதற்குச் சவர்க்காரத் தண்ணீரோ அதற்கென விற்கும் பசையோ பூசுவார். பழைய என்ஜின் ஒயிலைப் பூசினால் தடுத்துவிடுங்கள். அது இறப்பரைக் கெடுக்கும்.

காற்று நிரம்பியதும் ரிம்மின் ஓரத்தை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டைச் சுற்றிலும் பாருங்கள். ஓரிடத்தில் அது உள்ளே மறைந்திருந்தால் டயர் சரியாக அமரவில்லை. காற்றை இறக்கி, மீண்டும் வழுக்கல் பூசி ஏற்ற வேண்டுமே தவிர, மேலும் மேலும் அடிக்கக் கூடாது. கார் டயரை அமர்த்த 40 பிஎஸ்ஐக்கு மேல் போவது ஆபத்து. வளையம் போட்டுப் பூட்டும் லொறி ரிம்முக்கு இரும்புக் கூண்டு இல்லாமல் காற்றடிப்பவரிடம் வேலையைக் கொடுக்கவே வேண்டாம். அந்த வளையம் தெறித்தால் ஆள் தப்புவது கடினம்.

பெலன்ஸுக்கு முன் பழைய ஈயக் கட்டிகளைக் கழற்றி, ரிம்மின் உட்புறத்தில் காய்ந்த சேற்றைச் சுரண்ட வேண்டும். மெஷின் பூச்சியம் காட்டியதும் எழும்பிவிடாதீர்கள். சக்கரத்தைத் தளர்த்தி, அரைச்சுற்றுத் திருப்பி, மீண்டும் இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். இப்போதும் பூச்சியமோ 5 கிராம் அளவோ காட்டினால் வேலை சரி. 20, 30 என்று ஏறினால் சக்கரம் மெஷினில் நடுவாக அமர்ந்திருக்கவில்லை. முதலில் வந்த பூச்சியத்தை நம்ப முடியாது. கார் சக்கரம் ஒன்றுக்கு 100 கிராம் அளவில் ஈயம் கேட்டால், டயரை ரிம்மில் அரைச்சுற்று நகர்த்திப் பார்க்கச் சொல்லலாம். அதற்கும் அடங்காவிட்டால் ரிம் வளைந்திருக்கக் கூடும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. அதனால் பள்ளங்களில் அடிபட்ட பழைய ரிம்களுக்கு நம்மிடம் குறைவில்லை.

வண்டி ஒரு பக்கம் இழுப்பது வேறு கதை. அது பெரும்பாலும் எலைன்மன்ட், அல்லது டயர்களில் காற்று வித்தியாசம். இரண்டையும் குழப்பிக் காசை வீணாக்குபவர்கள் பலர்.

நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கி முடிப்பவரை நம்பாதீர்கள். எதிரெதிராக மாற்றி மாற்றி, கடைசிச் சுற்றை டோர்க் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். கற்பிட்டியிலிருந்து புறப்படுபவர் சிலாபத்தில் தேநீருக்கு நிறுத்தும்போது இதைச் செய்யலாம்.

இப்போது நான் போகும் கடையில், கேட்காமலேயே சக்கரத்தைத் திருப்பிப் போட்டு இரண்டாவது முறை சுற்றிக் காட்டுகிறான் ஒரு பையன். பத்து கிலோமீற்றர் சுற்றென்றாலும் அங்கேதான் போகிறேன்.