இந்திய மொழிகளின் முதல் நாவல்களும் கிறித்தவ ஆசிரியர்களும்

மலருக்குக் கட்டுரை கேட்டால் நான் வழக்கமாக ஜைன இலக்கியம் பற்றித்தான் ஏதாவது எழுதிக் கொடுப்பேன். இம்முறை கிறித்தவ நாவலாசிரியர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். "நயினாருக்கு இதிலே என்ன வேலை?" என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது.

சீவக சிந்தாமணி பிறந்த விதம் பற்றி எங்களுக்குள்ளே ஒரு செவிவழிக் கதை உண்டு. துறவறம் பாடத் தெரிந்த சமண முனிவர்களுக்கு இன்பச் சுவை பாட வராது என்று மதுரைப் புலவர்கள் ஏளனம் செய்தார்களாம். அதற்குப் பதிலாகத்தான் திருத்தக்க தேவர் அந்தக் காப்பியத்தைச் செய்தார் என்பார்கள். சமயப் பற்றுள்ளவன் கதை எழுதினால் அது வெறும் பிரசாரம், அதில் வாழ்க்கை இராது என்ற பழி அன்றே இருந்திருக்கிறது. இதே பழியைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவ எழுத்தாளர்களும் சுமந்தார்கள். அவர்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்பது எனக்குப் பல வருஷமாக ஒரு ஆசை.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி இங்கிலாந்தின் ஜான் பனியன். பெரிய படிப்பாளி என்று எண்ணிவிட வேண்டாம். ஊர் ஊராகப் போய்ப் பாத்திரங்களின் ஓட்டை அடைக்கும் தொழில் அவருக்கு. பாத்திரக் கடை வைத்துப் பிழைக்கிற எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் என்றால் தப்பில்லையே! அரசு அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று பெட்போர்டு சிறையில் 1660 முதல் 12 ஆண்டுகள் அடைத்து வைத்தார்கள். அந்தச் சிறைவாசத்தின் பலனாக விளைந்தது, 1678 இல் வெளிவந்த அவருடைய பயணக் கதை. ஒரு மனிதன் முதுகிலே பாவ மூட்டையைச் சுமந்துகொண்டு மோட்சத்துக்கு நடந்து போகிறான், அவ்வளவுதான் கதை. நெல்லைச் சீமையில் வைணவராகப் பிறந்து 1858 இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, இதையே கம்பன் வழியில் செய்யுளாக்கி, 'இரட்சணிய யாத்திரிகம்' என்று 1894 இல் வெளியிட்டார். அது காப்பியம். நம் விஷயம் உரைநடை நாவல் என்பதால் மேலே போவோம்.

வங்காளத்திலே 1852 இல் 'பூல்மணியும் கருணாவும்' என்ற பொருளில் தலைப்பிட்ட ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் ஹன்னா கேத்தரின் மல்லன்ஸ். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஒரு பாதிரியாரின் மகள். கல்கத்தாவில் 1826 இல் பிறந்ததால் வங்காளி அவருக்குக் குழந்தைப் பாஷை. புதிதாக மதம் மாறிய கிராமத்துப் பெண்களின் குடும்பக் கதை இது. நல்லவள் ஒருத்தி, தடுமாறுகிறவள் ஒருத்தி. வங்காளியின் முதல் நாவல் இதுதானா, 1858 இல் புத்தகமாக வந்த பியாரி சந்த் மித்ராவின் கதையா என்று அங்கே இன்னமும் வழக்கு உண்டு. மல்லன்ஸ் அம்மையாரின் கதை ஓர் ஆங்கிலக் கதையைத் தழுவியது என்று பிறகு தெரிய வந்ததால் சிலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நல்லவளுக்கு நல்லது, கெட்டவளுக்குக் கெட்டது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் அதில் கதைச் சுவை குறைவு என்பது என் அபிப்பிராயம்.

மும்பையில் குடியிருக்கும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவர் பாபா பத்மன்ஜி. பெல்காமில் 1831 இல் காசார் வகுப்பில், அதாவது பாத்திரம் செய்யும் வகுப்பில், பிறந்தவர். (மறுபடியும் பாத்திரம்தான், பாருங்கள்!) பம்பாய்க்குப் படிக்க வந்தவர், சாதிக் கட்டுப்பாட்டை எதிர்த்து இரகசியமாகக் கூடிய பரமஹம்ஸ சபையில் சேர்ந்தார். 1854 இல் கிறித்தவரானார். மூன்றே ஆண்டில் 'யமுனா பர்யடன்' என்ற நாவலை எழுதினார். மராத்தியின் முதல் நாவல் இதுவே என்பார் பலர்.

யமுனா என்ற இளம்பெண் கணவனோடு ஊர் ஊராகப் பயணம் போகிறாள். போகிற இடத்திலெல்லாம் விதவைகளைப் பார்க்கிறாள். தலை மழிக்கப்பட்டவர்கள், வீட்டுக்குள்ளே வேலைக்காரிபோல் வைக்கப்பட்டவர்கள், ஒவ்வொருத்திக்கும் ஒரு கதை. கடைசியில் அவளே விதவையாகிறாள். விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856 இல், நாவல் வந்தது 1857 இல். சட்டம் போட்டாயிற்று, ஆனால் சட்டத்தைப் படித்துவிட்டு எந்தத் தகப்பன் மனம் மாறுவான்? அந்தப் பெண்களின் கண்ணீரைக் காட்ட ஒரு கதை வேண்டியிருந்தது. அதைப் பத்மன்ஜி செய்தார். முடிவிலே யமுனா கிறித்தவளாகி மறுமணம் செய்துகொள்கிறாள். இந்த முடிவு அன்றைய மராத்தி வாசகர்களில் பெரும்பாலோருக்கு உவப்பாக இருந்திருக்காது. நடுவிலே வரும் விதவைகளின் கதைகள் மட்டும் எந்த மதத்துக்காரன் படித்தாலும் நெஞ்சைப் பிசையும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826 இல் திருச்சி அருகே குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். மல்லன்ஸ் அம்மையார் பிறந்த அதே வருஷம். திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, பிறகு முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று உத்தியோகம். அவர் எழுத வந்த வழி கவனிக்கத் தக்கது. முதலில் 1859 இல் 'நீதி நூல்' என்று செய்யுள் எழுதினார். 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்கி வெளியிட்டார். பெண் கல்வியை வலியுறுத்தி 1869 இல் எழுதினார். நாவல் எழுதியதோ உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின். பல வருஷம் கோர்ட்டிலே ஜனங்களின் பொய்யும் மெய்யும் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது.

தமிழில் கதையென்றால் செய்யுளாக இருக்க வேண்டும் என்றிருந்த காலம். படித்தவர்கள் பொழுதுபோக்குக்கு ஆங்கில நாவலைத் தேடினார்கள். தமிழில் அப்படி வசன நூல் இல்லையே என்ற குறையைப் போக்கவே எழுதினேன் என்று அவரே முகவுரையில் சொல்கிறார். 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879 இல் அச்சாயிற்று.

இந்த நாவலின் நாயகன் பிரதாப முதலியாரும் நாயகி ஞானாம்பாளும் இந்துக் குடும்பத்தார். எழுதியவர் பிறவிக் கத்தோலிக்கர் என்று சொல்லாவிட்டால் பலருக்குத் தெரியவே தெரியாது. தெய்வ பக்தி, ஒழுக்கம், தாய் தந்தையரிடம் மரியாதை எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் வரும். உபதேசம் கொஞ்சம் தூக்கல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உபதேசத்துக்கு நடுவே சிரிப்பு வந்துகொண்டே இருக்கும். நாயகனைவிட நாயகி கெட்டிக்காரி. ஆண் வேடத்தில் ஒரு நாட்டுக்கே அரசராகி நீதி செலுத்துகிறாள். தமிழ் நாட்டிலே கோர்ட்டு விவகாரத்தைக் கட்சிக்காரனுக்குப் புரியாத இங்கிலீஷில் நடத்துவது என்ன நியாயம் என்று இந்த நாவல் கேட்கிறது. பாமரன் சொத்து போகிறதா நிற்கிறதா என்பதை அவனுக்கே தெரியாத பாஷையில் பேசி முடிப்பதை நாற்காலியில் உட்கார்ந்து தினமும் பார்த்தவரல்லவா! அடுத்த நாவல் 'சுகுண சுந்தரி' 1887 இல் வந்தது. அதில் குழந்தை மணத்தைக் கண்டித்தார். உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பித்ததும் அதே 1887 தான்.

அவருடைய சமயம் எங்கே போயிற்று என்றால், நடத்தையில் போயிற்று என்பேன். 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' பாடியவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மேல் 'குளத்தூர்க் கோவை' பாடினார். தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளை எடுத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். அதைப் பார்த்துக் கோபாலகிருஷ்ண பாரதியார் உருகிப் பாடினார். ஒரு சிவபக்தர் ஒரு கத்தோலிக்கரைப் பாடியிருக்கிறார் என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசியாகக் கிருபாபாய் சத்தியநாதன். நாம் தமிழ்நாட்டிலிருந்து மகாராஷ்டிரம் வந்தோம், இந்தப் பெண்மணி இங்கிருந்து அங்கே போனார். 1862 இல் அகமத்நகரில் பிறந்தவர். பெற்றோர் கிறித்தவரான பிராமணர்கள். சின்ன வயதில் தகப்பன் போனார். வாசிக்கக் கற்றுக்கொடுத்து ஊக்கிய அண்ணன் பாஸ்கரும் போனார். இங்கிலாந்தில் வைத்தியம் படிக்க வாய்ப்பு வந்தும் உடம்பு இடங்கொடுக்கவில்லை. 1878 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஒரே வருஷத்தில் உடம்பு மறுபடி முறிந்தது. அவர் தங்கியிருந்தது சிந்தாதிரிப்பேட்டை சீயோன் கோயில் குருவான டபிள்யூ. டி. சத்தியநாதன் வீட்டில். அவர் மகன் சாமுவேலை மணந்தார். ஊட்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். பெற்ற ஒரே குழந்தை ஒரு வயது நிறையுமுன் இறந்தது.

வைத்தியராக முடியாதவர் எழுத்தாளரானார். தம் வாழ்க்கையையே 'சகுணா' என்ற நாவலாக ஆங்கிலத்தில் எழுத, சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பத்திரிகை அதை 1887-88 இல் தொடராக வெளியிட்டது. இதிலே எனக்குப் பிடித்தது அவருடைய நேர்மை. தகப்பன் மதம் மாறியதும் தாய் மனம் எப்படித் தவித்தது என்று எழுதுகிறார். வெள்ளைக்கார மிஷனரிப் பெண்கள் சிலர் இந்தியக் கிறித்தவர்களைத் தங்களுக்குக் கீழாக நடத்தியதையும் மறைக்கவில்லை. மிஷன் கல்லூரிப் பத்திரிகையிலேயே அதை எழுத நெஞ்சுரம் வேண்டும்.

அடுத்து 'கமலா', 1894. நோய்ப் படுக்கையிலிருந்தே எழுதினார். இது ஓர் இந்துச் சிறுமியின் கதை. குழந்தை மணம், மாமியார் வீட்டு இடி, பிறகு விதவைக் கோலம். அவளை நேசிக்கும் ஒருவர் மறுமணத்துக்குக் கேட்கிறார். கமலா மறுத்துவிட்டு ஏழைகளுக்குத் தொண்டு செய்யப் போகிறாள். பத்மன்ஜியின் யமுனாவை நினைத்துப் பாருங்கள். 37 வருஷத்துக்கு முன் அவர் தம் நாயகியை மதம் மாற்றி மணம் முடித்து வைத்தார். கிருபாபாய்க்கும் அதே நம்பிக்கைதான், குறைவில்லை. ஆனால் கமலா இப்படித்தான் செய்வாள் என்று தெரிந்தபோது அவள் வழியிலேயே விட்டுவிட்டார். மறுமணம் செய்து வைத்திருக்கக் கூடாதா என்று என் வீட்டம்மாள் கேட்கிறார். அந்தக் கேள்வியும் நியாயமானதே. அந்த 1894 ஆகஸ்டிலேயே கிருபாபாய் காலமானார். வயது 32.

நம் வீடுகளில் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வருகிறது, படிக்க வரவில்லை. அவர்களுக்காக ஒரு தகவல். பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கதா நிறுவனம் 2005 இல் வெளியிட்டது. சகுணா, கமலா இரண்டையும் ஆக்ஸ்போர்டு நிறுவனம் 1998 இல் மறுபதிப்புச் செய்தது. என் கடையிலே மூன்றும் ஒவ்வொரு பிரதி இருக்கின்றன. இரவல் தருவேன், திருப்பித் தந்துவிட வேண்டும்.