சிறு வால்வுப் பெட்டியும் கிதாரின் தனி வாசிப்பும்

1939-ஆம் ஆண்டில் பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் வந்து சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்னும் இளைஞர், கிப்ஸன் கம்பெனி செய்த மின்சாரக் கிதாரையும் அதனோடு இணைத்து விற்கப்பட்ட ஒரு சிறிய வால்வு ஆம்ப்ளிஃபயரையும் துணையாகக் கொண்டு, அதுகாறும் பின்வரிசையில் அமர்ந்து தாளத்திற்குப் பக்கபலமாக மட்டுமே இருந்துவந்த அந்த வாத்தியத்தை, ஸாக்ஸஃபோனுக்கும் கிளாரினெட்டுக்கும் ஈடாகத் தனித்து நின்று வாசிக்கத் தக்கது என்று உலகம் ஒப்புக்கொள்ளும்படி செய்துவிட்டார். மூன்றே ஆண்டுகளில் அவர் காலமானார். ஆனால் அவர் திறந்துவிட்ட வழியில் பின்னால் வந்த கிதார்க் கலைஞர்கள் அனைவரும், தனி வாசிப்பு வரும் வேளையில் மற்ற வாத்தியங்களுக்கு மேலாகத் தம் நாதம் எழும்ப வேண்டுமே என்ற கவலையையும் அவரிடமிருந்தே சுவீகரித்துக்கொண்டார்கள்.

ஐந்து வாட் முதல் இருபது வாட் வரை சக்தியுள்ள சிறிய வால்வு ஆம்ப்ளிஃபயர்களை, டிரான்சிஸ்டர்களும் கம்ப்யூட்டர் சில்லுகளும் மலிந்துவிட்ட இந்நாளிலும் விரும்பி வாங்கிப் பேணுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிற் பெரும்பாலோர் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஒரே சங்கடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பாட்டின் நடுவே தமக்குரிய இடம் வந்ததும் காலடியிலுள்ள பூஸ்டர் பெடலை மிதிக்கிறார்கள். நாதம் தடிக்கிறது, கரகரப்புக் கூடுகிறது, பிடித்த ஸ்வரம் நெடுநேரம் நிற்கிறது. சப்தம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. டிரம்ஸும் பேஸ் கிதாரும் சேர்ந்து அதை விழுங்கிவிடுகின்றன. பெட்டி பழுதாகிவிட்டதோ என்று சந்தேகித்து ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. உண்மையில் அந்தப் பெட்டி, தன்னைப் படைத்தவர்கள் விதித்த விதிப்படி மிக ஒழுங்காகவே நடந்துகொள்கிறது.

அந்த விதியைக் கண்டுகொள்வதற்கு, 1950-களில் ஃபெண்டர் கம்பெனி முக்கியமாக மாணவர்களை உத்தேசித்துச் செய்த ‘சாம்ப்’ என்னும் பெட்டியை முதுகுப்புறமாகத் திறந்து பார்ப்பதே போதும். உள்ளே இருப்பவை மூன்றே வால்வுகள். ஒன்று, வீட்டு மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கித் தருவது. இரண்டாவது, 12ஏஎக்ஸ்7 என்ற எண்ணுள்ள, ஒரே கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு டிரையோடுகள் அடங்கிய சிறு வால்வு. மூன்றாவது, ஸ்பீக்கரை இயக்குவதற்கான 6வி6. சிவந்து கனலும் கேதோடிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான்கள், முந்நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தில் நிற்கும் பிளேட்டை நோக்கிப் பிரவாகமாய்ப் பாய்கையில், இடையே நிற்கும் கிரிட் என்னும் கம்பிச் சுருள், தன்மேல் ஏறியிறங்கும் சிறு மின்னழுத்தத்தைக் கொண்டே அப்பெரும் பிரவாகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆள்கிறது. லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் அமைத்துக் காட்டிய யுக்தி இது. கிதாரின் பிக்கப்பில் பிறக்கும், ஒரு வோல்ட்டிலும் குறைந்த நலிந்த அதிர்வு, அந்தச் சிறு வால்வின் இரண்டு படிகளையும் ஏறிப் பெருகி 6வி6-இன் கிரிட்டை வந்தடைவதும் இந்த யுக்தியினால்தான்.

6வி6-இன் கிரிட், அதன் கேதோடைவிட ஏறக்குறைய 20 வோல்ட் தாழ்வாக நிறுத்தப்பட்டிருக்கிறது. வருகிற அலையின் உச்சி அந்த 20 வோல்ட்டுக்குள் அடங்கும்வரை வால்வு அதை அப்படியே பெரிதாக்கிக் கொடுக்கும். உச்சி அதற்கு மேல் எழ முயலும்போதோ, கிரிட் தானே எலெக்ட்ரான்களை உறிஞ்சத் தொடங்கி மேலே ஏற மறுத்துவிடுகிறது. எதிர்ப்புறம் இறங்கும்போது பிரவாகம் அடியோடு நின்றுவிடுகிறது, நின்றதற்குக் கீழே குறைவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அலையின் தலையும் காலும் தட்டையாக வெட்டுப்படுகின்றன. அந்நிலைக்குப் பிறகு பெடலைக் கொண்டு எவ்வளவு சக்தியை உள்ளே திணித்தாலும், அலையின் உயரம் கூடாது; தோள்கள் மட்டும் அகன்று, வளைந்த அலை சதுர அலையை நெருங்கும். ஒரே உயரமுள்ள வளைந்த அலையையும் சதுர அலையையும் ஒப்பிட்டால், சதுர அலையின் சக்தி இருமடங்கு, அதாவது மூன்று டெசிபல் அதிகம். நிரம்பி வழியும் பெட்டியிலிருந்து மேற்கொண்டு கறக்கக் கூடியது அவ்வளவே. அதிலும் ஒரு பங்கை, பாரம் ஏறியதும் மின்னழுத்தம் தொய்ந்துவிடும் அந்த முதல் வால்வு பிடுங்கிக்கொள்கிறது.

இந்த வெட்டுப்படுதலை ஒரு குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூலத்தில் இல்லாத உபஸ்வரங்கள் பிறப்பதும், கம்பியின் அதிர்வு தேயத் தேய ஒலி தேயாமல் குரல்போல் நீண்டு ஒலிப்பதும் இதனால்தான். இதற்காகவேதான் மக்கள் சிறு பெட்டிகளைத் தேடிப் போகிறார்கள். அழகு எந்த எல்லையில் பிறக்கிறதோ, சப்தமும் அதே எல்லையில் நின்றுவிடுகிறது என்பதுதான் சங்கடம்.

‘பெரிய பெட்டி வாங்கிவிட்டால் தீர்ந்தது’ என்று சொல்வோருக்கு, நம் செவியின் கணக்கு வேறு என்பதை ஞாபகமூட்ட வேண்டியிருக்கிறது. சக்தி இருமடங்கானால் மூன்று டெசிபல்தான் கூடுகிறது. அதைக் கவனித்துக் கேட்பவர்கள் உணர்வார்கள், அவ்வளவே. சப்தம் இருமடங்காயிற்று என்று சாதாரணமாகச் சொல்லத் தோன்றுவதற்குப் பத்து டெசிபல், அதாவது பத்து மடங்கு சக்தி, வேண்டியிருக்கிறது. ஐந்து வாட் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஐம்பது வாட் பெட்டியைச் சுமந்து வருகிறவர், முதுகு நோகப் பெற்றுக்கொண்ட லாபம் அதுதான். அன்றியும், ஐந்து வாட் என்பதே அற்பமன்று. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் தரும் நல்ல ஸ்பீக்கரை அத்துடன் இணைத்தால், அதே தூரத்தில் 104 டெசிபல் முழங்கும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடும்தோறும் காலத்தைப் பாதியாக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழில்நல நிபுணர்கள் வகுத்திருக்கும் அளவுகோலின்படி, அச்சப்தத்தைச் சில நிமிஷங்களுக்கு மேல் காதருகே வைத்துக்கொள்ளலாகாது.

எனவே தனி வாசிப்புக்கு வேண்டிய சப்தத்தை, அந்தக் கணத்தில் புதிதாகப் படைக்க முயல்வதைவிட, முன்கூட்டியே ஒதுக்கி வைத்துக்கொள்வதே விவேகம். அரிசிப் பானைக்குள் அவசரத்துக்கென்று போட்டுவைக்கும் பணத்தைப் போன்றது அது. தனி வாசிப்பு ஆறு டெசிபல் உயர்ந்து நிற்க வேண்டுமென்று கொள்வோம். ஆறு டெசிபல் என்றால் நான்கு மடங்கு சக்தி. இருபத்திரண்டு வாட் தரக்கூடிய ஃபெண்டர் ‘டீலக்ஸ் ரிவெர்ப்’ பெட்டியை வைத்திருப்பவர், பாட்டுக்குத் துணையாக வாசிக்கும்போது ஐந்தரை வாட்டுக்கு மேல் செலவிடாதிருந்தால்தான், தம் முறை வரும்போது மிச்சத்தை எடுத்து வீசலாம். ஆரம்பத்திலேயே முழுவதையும் செலவழித்துவிட்டவருக்கு எந்தப் பெடலும் கடன் கொடுக்காது.

இந்த ஒதுக்கீட்டைச் செய்வதற்கான கருவி, எவரும் தனியாக வாங்க வேண்டாதபடி, கிதாரின் மேலேயே இருக்கிறது. பெட்டியைக் கரகரப்பு நன்றாகத் தலைகாட்டும்வரை ஏற்றி வைத்துவிட்டு, கிதாரின் வால்யூம் திருகைப் பாதியிலோ அதற்குச் சற்று மேலோ நிறுத்தித் துணை வாசிப்பை நடத்துவதும், தனி வாசிப்பு வந்ததும் சுண்டுவிரலால் திருகை முழுக்கத் திறந்துவிடுவதும், அனுபவசாலிகளின் பழைய வழக்கம். குயீன் குழுவின் பிரையன் மே, தம் தகப்பனாருடன் சேர்ந்து வீட்டிலேயே இழைத்துச் செய்த கிதாரைக் கொண்டு, முழுச் சப்தத்தில் வைத்த வாக்ஸ் ஏசி30 பெட்டிகளை ஆண்டுவந்தது பெரும்பாலும் அந்தத் திருகினால்தான். இதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு: திருகைக் குறைக்கும்போது, அதன் மின்தடையும் கேபிளின் கொள்திறனும் கூடிக்கொண்டு உச்ச ஒலிகளைத் தின்றுவிடுவதால் நாதம் மங்கிப் போகும். திருகின் உள்வரும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் இடையே மிகச் சிறிய கண்டென்ஸர் ஒன்றைப் பற்றவைத்தால், உச்ச ஒலிகள் அதன் வழியாகத் தப்பி வந்துவிடும்.

அப்படியானால் பூஸ்டர் பெடலே வீண்தானோ என்றால், இல்லை. அதனிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அறிந்து கேட்க வேண்டும். 1960-களின் நடுவில் இங்கிலாந்தில் டல்லாஸ் கம்பெனி விற்ற ‘ரேஞ்ச்மாஸ்டர்’ என்னும் சிறு பெட்டிக்குள் இருந்தது ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். அதன் வாயிலில் இருந்த சிறு கண்டென்ஸர் தாழ்ந்த ஒலிகளைத் தடுத்து, உயர்ந்தவற்றை மட்டும் பெருக்கி அனுப்பியது. வால்வின் கிரிட்டுக்குக் கிடைக்கும் இருபது வோல்ட் இடத்தைப் பெரிதும் அடைத்துக்கொள்பவை தடித்த தாழ்ஸ்வரங்களே. அவற்றை வாயிலிலேயே நிறுத்திவிட்டால், எஞ்சிய இடம் முழுவதும் செவி தேடுகிற ஒலிகளுக்குக் கிடைக்கிறது. கிதார்க் கலைஞர் ரோரி கல்லஹர் ஏசி30 பெட்டியோடு இதைப் பிரயோகித்தே அந்தத் துளைத்துச் செல்லும் தொனியைப் பெற்றார்.

செவி எதைத் தேடுகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்ஸனும் 1933-இல் வெளியிட்ட வரைகோடுகள், ஒரே அழுத்தமுள்ள ஒலிகளில் நடுத்தர உச்சத்தில் உள்ளவற்றையே, விசேஷமாக ஒரு வினாடிக்கு மூவாயிரம் நாலாயிரம் அதிர்வுகள் உள்ளவற்றை, செவி மிக உரக்கக் கேட்கிறது என்று காட்டின. அதற்கும் முன்னர் 1924-இல் வேகலும் லேனும், தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள ஒலியை மறைக்கும் அளவுக்கு, உயர்ந்த ஒலி கீழுள்ளதை மறைப்பதில்லை என்று நிரூபித்திருந்தார்கள். பேஸ் கிதாரோடு போட்டியிட்டுத் தாழ்ஸ்வரங்களை முழக்கும் கிதார், மீட்டரில் எவ்வளவு காட்டினாலும் சபையில் மறைந்துபோவதன் காரணம் இதுவே. இபானெஸ் ‘டியூப் ஸ்க்ரீமர்’ பெடல் தாழ்ந்தவற்றைக் குறைத்து, வினாடிக்கு 700 அதிர்வுகளை ஒட்டிய நடுப்பகுதியைத் தூக்கிக் கொடுப்பதும் இந்த இடத்தைக் குறிவைத்துத்தான். வீட்டில் தனியே வாசிக்கும்போது அந்தத் தொனி மூக்கால் பேசுவதுபோல் தோன்றும். குழுவோடு சேரும்போது அதுதான் எடுத்துக் கேட்கும். வீட்டில் இனித்த தொனியை அப்படியே மேடைக்குக் கொண்டுபோய் ஏமாறுகிறவர்களைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாயிருக்கிறது, ஏனெனில் அவர்கள் விரல்களில் குற்றமே இல்லை.

கரகரப்பை முன்படியிலேயே உண்டாக்கிக்கொள்ளும் பிற்காலத்துப் பெட்டிகளில், முன்படிக்கும் கடைசிப் படிக்கும் நடுவே பெடல்களைச் செருக வழி வைத்திருந்தால், அங்கே வைக்கும் பூஸ்டர் நிஜமாகவே சப்தத்தைக் கூட்டும், கடைசிப் படியில் இடம் மிச்சமிருக்கும் பட்சத்தில். பழைய சிறு பெட்டிகளில் அந்த வழி கிடையாது.

ஸ்பீக்கரைப் பற்றி ஏனோ பலர் சிந்திப்பதே இல்லை. 97 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 டெசிபல் தருவதை மாட்டினால், ஒரு வால்வைக்கூடத் தொடாமல் பெட்டியின் சக்தி இருமடங்கானதற்குச் சமம். செலெஸ்டியன் கம்பெனியின் நீல நிற ஸ்பீக்கர் அந்த நூறைத் தருவது. ஆனால் இது துணை வாசிப்பையும் சேர்த்தே உயர்த்துமாதலால், ஒதுக்கீட்டின் அவசியம் போய்விடாது. தவிர, உச்ச ஒலிகள் ஸ்பீக்கரிலிருந்து நேர்கோட்டில் கற்றையாகப் புறப்படுகின்றன. தரையில் வைத்த பெட்டி கலைஞரின் முழங்காலுக்குத்தான் அவற்றைச் சொல்கிறது. பெட்டியைச் சாய்த்தோ நாற்காலிமேல் ஏற்றியோ வைத்தால், தமக்குக் கேட்கவில்லை என்று அவர் அநாவசியமாகச் சப்தத்தை ஏற்றி, ஒதுக்கி வைத்ததையெல்லாம் கரைத்துவிடும் ஆபத்து நீங்கும்.

பெரிய மண்டபமானால் மைக்தான் கதி. 1970-இல் மியாமியின் கிரைட்டீரியா ஸ்டூடியோவில் ‘லைலா’ ஆல்பம் பதிவானபோது, கிதார்க் கலைஞர் எரிக் கிளாப்டன் தம் முன் வைத்துக்கொண்டது சிறிய ஃபெண்டர் சாம்ப் பெட்டியைத்தான். மைக்கின் முன்னால் ஐந்து வாட்டுக்கும் நூறு வாட்டுக்கும் அந்தஸ்து ஒன்றே. மைக்கை ஸ்பீக்கர்க் கூம்பின் மையத்துக்கு நேரே வைத்தால் தொனி கூர்மையாகவும், விளிம்பை நோக்கி நகர்த்தினால் மெத்தென்றும் வரும். தனி வாசிப்பு எந்தச் சரணத்துக்குப் பின் வருகிறது என்பதைச் சப்தம் கவனிக்கிறவரிடம் முன்பே சொல்லி வைத்தால், அவர் அந்த இடத்தில் சற்று ஏற்றிவிடுவார். உடன் வாசிக்கும் இரண்டாவது கிதார்க்காரர் அந்நேரம் தடித்த கம்பிகளை விட்டுவிட்டு மேல் மூன்று கம்பிகளில் ஸ்வரங்களைக் குறைத்து வாசிப்பதும், பியானோக்காரர் இடக்கையைச் சற்று ஓய்வில் வைப்பதும், ஒத்திகையிலேயே பேசி முடித்துக்கொள்ள வேண்டியவை.