கிராமத்திற்கு வரும் விவசாய மாணாக்கர்

கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டு மாணாக்கர், பாடத்தின் ஒரு பகுதியாகக் கிராமங்களில் தங்கி வயல்வேலை பயில்கின்றனர். 2015-ஆம் வருஷத்திய அகில இந்திய ஏற்பாட்டிலும் இப்பயிற்சி இடம்பெற்றது.

இவர்களை விருந்தினராகப் பாவித்துச் செழித்த வயலை மட்டுங் காட்டியனுப்புதல் இருதிறத்தாருக்கும் நஷ்டமே. நோய் கண்ட பயிரையும், விளைவு குன்றிய நிலத்தையும், வரவு செலவுக் கணக்கையும் ஒளியாது காட்டுதல் வேண்டும்.

அறுவடையான நிலத்தில் மண் மாதிரி எடுப்பது கோடைக்கேற்ற வேலை. வரப்போரம், மரநிழல், எருக் குவித்த இடம் நீக்கி, நெல் வயலில் 10 முதல் 15 இடங்களில் 6 அங்குல ஆழம் மண்ணெடுத்துக் கலந்து, அரைக் கிலோ பரிசோதனைக்கு அனுப்புக. முடிவறிந்து உரமிடின் வீண் செலவு குறையும்.

கிராமாதிகாரிகள் தங்குமிடமும் நில விவரமும் அளித்து உதவுவாராக. இன்று குறைகளைக் காணாத மாணாக்கர், நாளை விவசாய அதிகாரியாய் வருங்கால் அவற்றைத் தீர்க்க அறியார்.