வீட்டுச் சேமிப்புக் கணினி: உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

வேற்று மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், சொந்த ஊரின் நினைவுகள் இன்று கைப்பேசிகளிலேயே தங்கியிருக்கின்றன. விற்றுவிட்ட வீட்டின் படம், பாட்டனார் எழுதிய கடிதத்தின் நகல், பாட்டியார் பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் வேறு படி இருப்பதில்லை. கைப்பேசி பழுதுற்றால் அவையும் மறைந்துபோகும். இவற்றையெல்லாம் ஓரிடத்தில் தொகுத்து, வீட்டார் அனைவரும் தத்தம் கருவியிலிருந்தே எடுத்துக் காணுமாறு செய்யும் கணினியை ‘நாஸ்’ என்பர். உறுப்புகளை வாங்கி இதனை நாமே அமைத்துக்கொள்ள இயலும். எவ்வுறுப்பில் பொருளைச் செலவிட வேண்டும், எதில் சிக்கனம் பிடிக்கலாம் என்பதை இங்கு நோக்குவோம்.

பிற கணினிகளை நாம் வேகம் கருதி வாங்குகிறோம். சேமிப்புக் கணினியிலோ, இன்று வைத்த பொருள் பல்லாண்டு கழிந்த பின்னும் வைத்தபடியே கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். வீட்டு வலையமைப்பில் பெரிதும் வழங்கும் கிகாபிட் இணைப்பு, வினாடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் கொண்டுசெல்லாது. ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கே பெரிய கோப்புகளை இதனினும் விரைவாகப் படிக்கவல்லது. ஆதலின் விலையுயர்ந்த பிராசஸருக்குப் பணம் கொடுப்பது வீண். தில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு போன்ற கடைவீதிகளில் கிடைக்கும் பழைய அலுவலகக் கணினி ஒன்றே இப்பணிக்குப் போதும். ஆயினும் வாங்குமுன் அதனைத் திறந்து பார்த்தல் வேண்டும். இரண்டு 3.5 அங்குல டிஸ்க்குகள் அமர இடமும், இரண்டு சாட்டா இணைப்புகளும், அவற்றுக்கான மின்கம்பிகளும் உள்ளனவா என்று நோக்குக. மிகச் சிறிய உருவினவற்றில் இவை இருப்பதில்லை.

கணினி பழையதாயினும் குற்றமில்லை. டிஸ்க் புதியதாகவே இருத்தல் வேண்டும். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் டிஸ்க் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அது கொண்டது 50 லட்சம் எழுத்துகளே. இன்று உள்ளங்கையளவுள்ள டிஸ்க் பல டெராபைட்டுகளைக் கொள்கிறது. ஆனால் அன்றுபோல் இன்றும் அது சுழலும் இயந்திரமே. சுழல்வது ஒருநாள் நிற்கும் என்று கருதியே நாம் திட்டமிடல் வேண்டும். ஒரு படம் 4 மெகாபைட் எனக் கொண்டால், 1 லட்சம் படங்களுக்கு 400 கிகாபைட் இடமே தேவை. எனவே பெரும்பாலான குடும்பங்களுக்கு 4 டெராபைட் தாராளமாகும்.

டிஸ்க் வாங்குகையில், அது ‘எஸ்.எம்.ஆர்.’ வகையா, ‘சி.எம்.ஆர்.’ வகையா என்று தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுதல் அவசியம். முன்னது கூரையில் ஓடு வேய்வதுபோல் ஒரு தடத்தின் ஓரத்தின்மேல் அடுத்த தடம் படியுமாறு எழுதுவது. நடுவே ஓர் ஓட்டை மாற்ற அடுத்துள்ள ஓடுகளையும் எடுத்து வைக்க வேண்டியிருப்பதுபோல், ஒரு தடத்தைத் திருத்த அண்டைத் தடங்களையும் மீண்டும் எழுத நேரும். பழுதுற்ற டிஸ்க்கை மாற்றிப் புதியதில் அனைத்தையும் எழுதும்போது இத்தாமதம் பெருந்தொல்லையாகலாம். ஆகவே சி.எம்.ஆர். வகையையே தேர்க. உத்தரவாதம் நாடெங்கும் செல்லுமா என்றும் கேட்டறிதல், பணிமாற்றத்துக்கு உட்பட்டோர்க்கு நன்று.

நினைவகம் 8 கிகாபைட் இருப்பின் நலம். பிழைகளைத் தானே திருத்தும் ‘ஈ.சி.சி.’ நினைவகம் மேலானது. எனினும் எல்லா மதர்போர்டுகளும் அதனை ஏற்பதில்லை. அதன் பொருட்டு டிஸ்க்குக்கான பணத்தைக் குறைத்தல் ஆகாது.

அடுத்து மின்சாரம். இரவும் பகலும் 30 வாட் கொள்ளும் கணினி ஓராண்டில் ஏறத்தாழ 263 யூனிட் செலவிடும். 80 வாட் கொள்வதாயின் 700 யூனிட்டுக்கு மேலாகும். குறைந்த மின்சாரத்தில் இயங்குவதைத் தேர்வதற்கு இதுவே காரணம். எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் தடைப்பட்டால் கோப்புகள் சிதையக்கூடும். ஆதலால் சிறிய யு.பி.எஸ். ஒன்று இன்றியமையாதது. மின்கலம் தீருமுன் கணினிக்கு அறிவித்து, அது தானே முறையாக நிற்குமாறு செய்ய யு.எஸ்.பி. இணைப்புள்ளதாக அது இருத்தல் வேண்டும். வடநாட்டுக் கோடையில் மூடிய அலமாரிக்குள் கணினியை வைத்தல் தகாது. காற்றோட்டமுள்ள இடமும் டிஸ்க்குகளுக்கு எதிரே ஒரு விசிறியும் தேவை.

இரண்டு டிஸ்க்குகளிலும் ஒன்றையே எழுதும் ‘மிரர்’ அமைப்பினால், ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும். ஆனால் இதனையே முழுக் காவல் என்று எண்ணுவது தவறு. குழந்தை கைதவறி அழித்தால் இரண்டிலும் அழியும். திருடன் கொண்டுபோனால் இரண்டும் போகும். இடி தாக்கினும் அவ்வாறே. ஆகவே மூன்றாம் படி வேற்றூரில் இருத்தல் வேண்டும். இதற்கு நம்மிடம் நல்ல வசதியொன்று உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, கடவுச்சொல்லால் பூட்டிய வெளி டிஸ்க் ஒன்றைக் கைப்பையில் வைத்து எடுத்துச் சென்று, உறவினர் வீட்டில் வைத்துவிட்டு, சென்ற முறை வைத்ததைத் திரும்பக் கொணரலாம். கொணர்ந்ததில் சில கோப்புகளைத் திறந்து பார்த்துச் சோதித்தலும் வேண்டும்.

எனவே, பொருள் அளவாக உள்ளோர் முதலில் இரண்டு நல்ல டிஸ்க்குகள், அடுத்து ஊருக்குச் செல்லும் டிஸ்க்குகள், பின்னர் யு.பி.எஸ்., எஞ்சியதில் கணினி என்ற வரிசையில் செலவிடுவார்களாக. அமைத்து முடிந்ததும், கணினியைத் திறக்கும் முறையையும் கடவுச்சொல்லையும் எளிய தமிழில் தாளில் எழுதி, வங்கிப் புத்தகங்களோடு வைத்திடுக. அமைத்தவர் ஒருவருக்கே வழி தெரியுமாயின், அவர் இல்லாத நாளில் பாட்டியின் தாலாட்டு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தும் வீட்டாருக்குக் கிட்டாது.