யூபிலி ஆண்டும் விட்டுவந்த காணியும்

புனித ஆண்டு என்றதும் உரோமாபுரியும், அங்கே பாப்பரசர் திறந்துவைக்கும் புனிதக் கதவும்தான் பலருக்கு நினைவில் வருகின்றன. "கடவுச்சீட்டும் காசும் உள்ளவர்களுக்கான விழா அது. இடம்பெயர்ந்து அடுத்தவர் வளவில் கொட்டில் போட்டிருக்கும் எங்களுக்கு அதில் என்ன பங்கு?" என்று கிளிநொச்சிப் பக்கத்தில் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் யூபிலி என்பது தொடக்கத்தில் உரோமைக்குப் போகும் ஆண்டு அல்ல. இழந்த காணிக்குத் திரும்பும் ஆண்டு.

விவிலியத்தில் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஏழாம் ஆண்டில் விதைக்கக் கூடாது. நிலம் ஓய்ந்திருக்க வேண்டும். இப்படி ஏழு ஏழாண்டுகள் கழிந்து ஐம்பதாம் ஆண்டு வரும்போது, ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதி அறிவிப்பார்கள். அந்தக் கொம்பைக் குறிக்கும் 'யோபேல்' என்ற எபிரேயச் சொல்லே யூபிலி ஆயிற்று. வறுமையால் காணியை விற்றவர் அவ்வாண்டில் அதைத் திரும்பப் பெறுவார். தன்னையே அடிமையாக விற்றவர் வீடு திரும்புவார்.

விவசாயிக்கு நன்றாக விளங்கும் ஒரு கணக்கும் அதில் உண்டு. காணி கைமாறும்போது அடுத்த யூபிலிக்கு இன்னும் எத்தனை விளைச்சல் இருக்கிறது என்று எண்ணி, அத்தனைக்கு மட்டுமே விலை பேச வேண்டும். 30 ஆண்டு இருந்தால் விலை கூட. 3 ஆண்டே இருந்தால் குறைவு. அதாவது அது விற்பனையல்ல, குத்தகை. நிலம் கடவுளுடையது, மனிதர் அதில் தங்கியிருப்பவர்களே என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இச்சட்டம் எழுதியபடியே நடைமுறையில் இருந்ததா என்பதில் அறிஞர்களுக்குச் சந்தேகம் உண்டு. பெரிய காணிக்காரர் இலகுவில் விட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று நானும் நம்பவில்லை.

திருச்சபையின் முதலாவது புனித ஆண்டை 1300இல் பாப்பரசர் எட்டாம் பொனிபாஸ் அறிவித்தார். 1475 முதல் பெரும்பாலும் 25 ஆண்டுக்கு ஒருமுறை அது வருகிறது. 2024 டிசம்பர் 24இல் பாப்பரசர் பிரான்சிஸ் தொடக்கிவைத்த யூபிலியை, அவரது மறைவின் பின் பாப்பரசர் பதினான்காம் லியோ 2026 ஜனவரி 6இல் நிறைவுசெய்தார். வறிய நாடுகளின் கடன்களைச் செல்வந்த நாடுகள் தள்ளுபடி செய்ய வேண்டும் என அந்த யூபிலிக்கான அறிவிப்பில் கேட்கப்பட்டிருந்தது. 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்ற நம் நாட்டுக்கும் அது பொருந்தும்.

காணிக்குத் திரும்புதல் என்றால் என்னவென்று நமது மாவட்டத்திலேயே காணலாம். பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த இரணைதீவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் 1992இல் இடம்பெயர்ந்து, முழங்காவிலை அண்டிய இரணைமாதா நகரில் குடியேறின. 2009இல் போர் முடிந்த பின்னும் தீவில் கடற்படை இருந்தது. போய்த் தங்க அனுமதி இல்லை. 2017 மே மாதம் அவர்கள் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஓராண்டு இருந்து பார்த்தும் முடிவு வரவில்லை. 2018 ஏப்ரல் 23ஆம் நாள் வெள்ளைக் கொடிகளுடன் படகுகளில் ஏறித் தாமாகவே தீவில் இறங்கி, தங்கள் ஆலயத்தில் செபித்தார்கள். குடியிருக்க அரசின் சம்மதம் அடுத்த மாதமே கிடைத்தது. அது புனித ஆண்டு அல்ல. கொம்பு ஊத யாரும் வரவும் இல்லை.

சரி, புனித ஆண்டு ஒன்றில் நாம் பங்குபெறுவது எப்படி? 2000இலும் 2025இலும் உரோமைக்குப் போகாமலே, ஆயர் குறித்த உள்ளூர் ஆலயங்களைத் தரிசித்துப் பரிபூரண பலன் பெற வழி இருந்தது. பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசரின் கருத்துக்களுக்காகச் செபித்தல் ஆகியவை நிபந்தனைகள். நோயாளரையோ சிறையில் இருப்போரையோ போய்ப் பார்ப்பதும் யாத்திரையாகவே கொள்ளப்பட்டது. பஸ் காசு இல்லாதவருக்கு இது பெரிய ஆறுதல்.

கடன் விடயம் கடினமானது. 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. நமக்குள்ளேயும் விதைநெல் கடன், அடைவு நகை, வட்டிக்கு வட்டி என்று எத்தனையோ உண்டு. முதலை வாங்கிக்கொண்டு வட்டியை விட்டுவிட ஒரு பங்கில் பத்துக் குடும்பங்கள் இணங்கினாலும் அது யூபிலிதான்.

இன்னொரு வேலைக்கு எந்த ஆண்டையும் பார்த்திருக்க வேண்டாம். ஊரில் எந்த வரம்பு யாருடையது, எல்லைப் பனை எங்கே நின்றது, கிணறு யாருக்குப் பங்கு என்பதெல்லாம் முதியவர்களுக்கே தெரியும். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர்களை இருத்தி, சொல்லச் சொல்ல இளைஞர்கள் கொப்பியில் எழுதி, எல்லைப்படம் கீறிக்கொள்ளுங்கள். உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருந்தால் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பங்குப் பணிமனையில் வையுங்கள்.